நாயகன் வீழ்ந்த பின்னர் ஒரு கணக்கு

தலைவன் மறைந்தபின் அவனைச் சார்ந்து வாழ்ந்தோர் செய்வதறியாது வருந்திப் பாடுவதைக் கையறுநிலை என்று துறை வகுத்து வைத்தனர் நம் முன்னோர். ஆண்டுதோறும் இத்துறையை வகுப்பில் நடத்துகிறோம். அதற்கோர் எடுத்துக்காட்டை அமெரிக்க விளையாட்டரங்கம் ஒன்றிலிருந்து எடுக்க நேரும் என்று நாம் எண்ணியதில்லை. ஆனால் 2023 செப்டம்பர் 11ஆம் நாள் இரவு, நியூ ஜெர்சி மாநிலத்து ஈஸ்ட் ரூதர்ஃபோர்டில் உள்ள மெட்லைஃப் அரங்கில் பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் வாயடைத்து அமர்ந்தபோது, அந்நிலைக்கு வேறு பெயர் நமக்குத் தோன்றவில்லை.

நியூயார்க் ஜெட்ஸ் என்பது அவ்வணியின் பெயர். 1969 ஜனவரியில் ஜோ நேமத் என்பவரை முன்னிறுத்தி சூப்பர் பௌல் கோப்பையை வென்ற அணி அது. அதன்பின் இன்றுவரை ஒருமுறைகூட அவ்விறுதிப் போட்டிக்குச் சென்றதில்லை. இத்தகைய அணிக்குத்தான், கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் பதினெட்டுப் பருவங்கள் ஆடி, ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதை நான்கு முறை பெற்ற ஆரன் ராட்ஜர்ஸ் 2023 ஏப்ரலில் வந்து சேர்ந்தார். அன்றிரவு கையில் தேசியக் கொடியை ஏந்தி அரங்கினுள் ஓடிவந்தார். ஆட்டம் தொடங்கியது. அவர் களத்தில் நின்ற நான்காவது நகர்விலேயே பஃபலோ பில்ஸ் அணியின் லெனர்ட் ஃபிளாய்ட் அவரைப் பிடித்து வீழ்த்தினார். எழுந்தார், நின்றார், பின் தாமாகவே தரையில் அமர்ந்துவிட்டார். இடக்காலின் குதிகால் தசைநாண் அறுந்திருந்தது. ஒரு பருவம் முழுமைக்கும் என்று கட்டிய கோட்டை நான்கு நகர்வுகளில் சரிந்தது!

வியப்பு என்னவென்றால், அன்று ஜெட்ஸ் அணி தோற்கவில்லை. கூடுதல் நேரத்தில் 22க்கு 16 என்று வென்றது. வென்ற பிறகும் மறுநாள் செய்தித்தாள்களில் வெற்றியின் மணம் சிறிதும் இல்லை, ஒப்பாரியே ஓங்கியிருந்தது.

இவ்வாட்டத்தை அறியாத அன்பர்களுக்கு ஒரு சிறு விளக்கம். அமெரிக்கர்கள் கால்பந்து என்று அழைக்கும் இவ்வாட்டத்தில் கால்களுக்கு வேலை குறைவு. பந்தைக் கையிலேந்தி ஓடுவதும், எறிவதும், பிடிப்பதுமே பெரும்பான்மை. ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் சென்று சேர்வது குவார்ட்டர்பேக் என்பாரின் கையில். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுத்து ஓடவிடுவது என்பதைச் சில நொடிகளில் அவரே முடிவு செய்கிறார். தொலைவில் ஓடிச்சென்று பிடிப்பவர் ரிசீவர். பந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடுபவர் ரன்னிங் பேக். எதிரியின் எல்லைக்கோட்டைக் கடந்தால் டச்டவுன். சுருங்கச் சொன்னால், ரிசீவர் எத்துணைத் திறமுடையவராயினும் எறிபவர் எறிந்தால்தான் அவருக்கு வாழ்வு.

இந்த ஆட்டத்தின் மேல் கட்டப்பட்ட மற்றோர் ஆட்டம்தான் ஃபேண்டஸி ஃபுட்பால். 1962இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களுள் ஒருவரான பில் விங்கன்பாக் என்பாரும் நண்பர்களும் நியூயார்க் விடுதியொன்றில் அமர்ந்து இதற்கு விதிகள் வகுத்தனர். நண்பர்கள் பத்துப் பேர் கூடி, வெவ்வேறு அணிகளின் ஆட்டக்காரர்களை ஏலம்போல் ஒருவர் பின் ஒருவராகத் தெரிந்தெடுத்துக் கற்பனை அணிகளை அமைத்துக்கொள்வர். மெய்யான களத்தில் அவ்வாட்டக்காரர் ஈட்டுவதெல்லாம் இங்கே புள்ளிகளாக மாறும். நாம் சேர்ந்த குழுவின் கணக்கு எளியது: பத்து யார்டு தொலைவுக்கு ஒரு புள்ளி, ஒரு டச்டவுனுக்கு ஆறு, பந்தை ஒருமுறை பிடித்தால் ஒன்று.

தமிழ் கற்பிப்பவனுக்கு இங்கென்ன வேலை என்று வாசகர்கள் வினவுவது காதில் விழுகிறது. காரணம் நம் அக்காவின் மகன்.

அத்தான் நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்தது இருபதாண்டுகளுக்கு முன்பு. போன புதிதிலேயே ஜெட்ஸ் அணியின் மேல் அவருக்குப் பற்று உண்டாகிவிட்டது. "தோக்குற டீமுக்குத்தான் மாப்பிள்ளை ஆள் வேணும்" என்பார் நம்மிடம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் பத்தைச் சேர்த்து இந்தக் கற்பனைக் குழுவைத் தொடங்கியவரும் அவரே. தந்தையும் மகனுமாக ஓர் அணியை நடத்திவந்தனர். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பனிக்காலத்தில், மாரடைப்பால் அத்தான் மறைந்தார். அவ்வாண்டு அவ்வணியின் இடம் வெறுமையாகவே கிடந்தது. நண்பர்கள் அதை வேறு எவருக்கும் கொடுக்கவில்லை.

2023 ஆகஸ்டில் ஒரு நாள் மருமகன் அழைத்தான். அப்போது அவனுக்கு வயது பதினான்கு. சிறுவர்களுக்குப் பெரியவர் ஒருவர் துணை நிற்கவேண்டும் என்பது குழுவின் விதியாம்.

"மாமா, நீங்க வரீங்களா? ஒண்ணும் தெரிய வேணாம். நான் சொல்லித் தரேன்."

"அம்மாவைக் கேட்டியா?"

"அம்மாவுக்கு டைம் இல்ல மாமா."

இசைந்தோம். ராட்ஜர்ஸ் வந்துவிட்டார் என்னும் களிப்பில் அமெரிக்காவே மிதந்துகொண்டிருந்த வேளை அது. இரண்டாம் சுற்றிலேயே ஜெட்ஸ் அணியின் ரிசீவர் காரெட் வில்சனை மருமகன் எடுத்தான். முந்தைய ஆண்டு, தம் முதல் பருவத்திலேயே, சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் என்னும் விருதைப் பெற்றவர் அவர். ஐந்தாம் சுற்றில் அதே அணியின் ரன்னிங் பேக் ப்ரீஸ் ஹாலை எடுத்தான். முழங்கால் அறுவைக்குப் பின் மீண்டுவந்துகொண்டிருந்தவர் ஹால். ஒரே அணியில் இருவரா என்று நாம் தயங்கினோம். "ராட்ஜர்ஸ் இருக்காரு மாமா" என்றான். அவ்வளவுதான் விளக்கம்.

அந்தத் திங்கள் இரவு ஆட்டம் நமக்குச் செவ்வாய்க்கிழமை விடியல் ஐந்தே முக்கால். கைப்பேசியில் அவன் முகமும் மடிக்கணினியில் ஆட்டக் குறிப்புகளுமாக அமர்ந்திருந்தோம். ராட்ஜர்ஸ் தரையில் அமர்ந்ததும் மருமகனின் முகம் திரையிலிருந்து மறைந்தது. தொலைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டான் போலும். வெகுநேரம் கழித்து அவன் குரல் மட்டும் கேட்டது.

"அப்பா இருந்திருந்தா கத்தியிருப்பாரு."

நாம் கத்தவில்லை. எப்போது கத்தவேண்டும் என்பதும் நமக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாளே குழுவில் இருந்த ஒருவர் வணிகம் பேச வந்தார். காரெட் வில்சனைத் தந்துவிட்டால், தம்மிடமுள்ள நடுத்தர ரிசீவர் ஒருவரைத் தருவாராம். முதல் நாள்வரை இருவரைச் சேர்த்துக் கொடுத்தாலும் ஈடாகாத சரக்கு!

"குடுத்துடலாம் மாமா. இனிமே அவனுக்கு யாரு ஒழுங்கா பந்து போடுவா?"

ஸாக் வில்சன் போடுவார். இரு வில்சன்களுக்கும் உறவேதும் இல்லை. 2021ஆம் ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே இரண்டாமவராக எடுக்கப்பட்டு, இரண்டே ஆண்டுகளில் ரசிகர்களின் வெறுப்புக்கு ஆளாகி, ராட்ஜர்ஸின் நிழலில் கற்றுக்கொள்ளட்டும் என்று ஓரத்தில் உட்காரவைக்கப்பட்டவர் ஸாக். நிழல்தரும் மரம் நான்கு நகர்வுகளில் சாய்ந்துவிட்டது.

ஒரு நாள் அவகாசம் கேட்டோம். நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: பாடம் விளங்கவில்லையெனில் பழைய உரைகளைப் புரட்டுவது. நாயகனை இழந்த அணிகளில் எஞ்சியோர் என்னவாயினர் என்று தேடினோம்.

முதல் ஏடு 2008. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் டாம் பிரேடி அப்பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் சிதைந்து வெளியேறினார். முந்தைய ஆண்டு 50 டச்டவுன்களுக்குப் பந்தெறிந்தவர். அவரிடத்தில் வந்தவர் மாட் கேசல். பள்ளிநாள்களுக்குப் பின் ஓர் ஆட்டத்தைக்கூட முதல் ஆளாகத் தொடங்கியிராதவர். நெடுந்தொலைவுப் பந்துகளைப் பிடிக்கும் ராண்டி மாஸ் 2007இல் 23 டச்டவுன்கள் எடுத்திருந்தார். 2008இல் அது 11 ஆயிற்று. பிடித்த பந்துகள் 98இலிருந்து 69 ஆயின. அதே அணியில், அருகில் நின்று குறும்பந்துகளைப் பிடிக்கும் வெஸ் வெல்கர் 2007இல் 112 பிடித்தார், 2008இல் 111. ஒன்றே ஒன்று குறைவு! அணி பதினாறில் பதினொன்றை வென்றது.

இரண்டாம் ஏடு 2011. கழுத்து அறுவையால் பெய்ட்டன் மானிங் அவ்வாண்டு முழுவதும் ஆடவில்லை. இண்டியானபோலிஸ் கோல்ட்ஸ் அணி முந்தைய ஆண்டு பத்து ஆட்டங்களை வென்றது, அவ்வாண்டு இரண்டை. ரெஜி வெய்ன் என்னும் பெரும் ரிசீவர் 111 பந்துகளிலிருந்து 75க்கு இறங்கினார்.

இவ்விரு ஏடுகளையும் அருகருகே வைத்தபோது சில விதிகள் புலப்பட்டன. புதியவர் அஞ்சுவார், அஞ்சுபவர் தொலைவில் எறியமாட்டார், அருகிலிருப்பவர்க்கே எறிவார். ஆகவே தொலைவில் ஓடுபவர்க்கு இழப்பு மிகுதி, அருகில் நிற்பவர்க்குக் குறைவு. டச்டவுன்கள் சுருங்கும், பிடிக்கும் வாய்ப்புகள் அவ்வளவாகச் சுருங்கா, ஏனெனில் பந்தை யாரேனும் எவருக்கேனும் எறிந்தே ஆகவேண்டும். ரன்னிங் பேக்குக்கு ஓடும் சுமையோடு பிடிக்கும் சுமையும் சேரும். இவை எல்லாவற்றினும் மேலாக, வீழ்ச்சிக்கு மறுநாள் சந்தையில் பேசப்படும் விலை அச்சத்தின் விலை. அதை ஆட்டக்காரரின் மதிப்பாகக் கொள்ளலாகாது.

"விற்க வேண்டாம். ஹாலையும் விடாதே" என்றோம். அரைமனதோடு ஒப்புக்கொண்டான்.

பருவம் நகர்ந்தது. முதல் இரு வாரங்களிலும் காரெட் ஒவ்வொரு டச்டவுன் எடுத்தார். அதன்பின் வறட்சி. வாரந்தோறும் ஸாக்கின்மேல் மருமகன் பொழிந்த வசைகளை இங்கே எழுதவியலாது. நாமோ அந்த ஸாக்கைச் சற்றுக் கூர்ந்து நோக்கத் தொடங்கினோம். அரங்கிலுள்ள ஒவ்வொருவரும் வேறொருவரைக் காண வந்திருக்கையில் அவ்விடத்தில் நிற்பது எளிதா? ஒவ்வோர் எறிதலும், எறியப்படாத மற்றோர் எறிதலோடு ஒப்பிடப்படும். அந்த மற்றோர் எறிதல் கற்பனையில் இருப்பதால் அது ஒருபோதும் தவறுவதில்லை. வாரம் ஒருமுறை தொலைபேசியில் ஆட்டம் பேசும் மாமனாக நின்ற நமக்கு இதில் சிறிது தன்னலமும் இருந்திருக்கலாம்.

அக்டோபர் 1ஆம் நாள், கோப்பையைக் கையில் வைத்திருந்த கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணிக்கெதிராக ஸாக் 245 யார்டுகளும் இரு டச்டவுன்களும் எறிந்தார். 23க்கு 20 என்று ஜெட்ஸ் தோற்றது. வசைக்குக் காத்திருந்தோம்.

"பாவம் மாமா. நல்லாத்தான் ஆடினான்" என்றான் மருமகன்.

அந்த ஒரு சொல்லுக்காக அன்று முழுவதும் நமக்கு மனம் நிறைந்திருந்தது. வகுப்பில் மாணவர்கள் காரணம் தெரியாமல் விழித்தனர்.

நவம்பரில் ஸாக்கை உட்காரவைத்தனர். டிம் பாயில் வந்தார், அவரும் போனார். டிசம்பர் 10ஆம் நாள் மீண்டும் ஸாக் வந்து ஹூஸ்டன் அணிக்கெதிராக 301 யார்டுகள் எறிந்து வென்றார். அடுத்த வாரமே தலையில் அடிபட்டு வெளியேறினார். பின்னர் ட்ரெவர் சீமியன். ஆக ஒரே பருவத்தில் ராட்ஜர்ஸ் உட்பட நால்வர் அவ்விடத்தில் ஆட்டத்தைத் தொடங்கினர். எறிபவர் மாறிக்கொண்டே இருந்தாலும் பிடிப்பவரும் ஓடுபவரும் மாறவில்லை. டிசம்பர் 24ஆம் நாள் வாஷிங்டன் அணிக்கெதிராக ப்ரீஸ் ஹால் 95 யார்டுகள் ஓடி, இரு டச்டவுன்கள் எடுத்து, அவற்றுக்குமேல் 12 பந்துகளையும் பிடித்தார். எங்கள் அரையிறுதி வாரம் அது. அவர் ஒருவரே நாற்பதுக்கு மேல் புள்ளிகளை ஈட்டித்தந்தார். வேறு சிலர் கைவிட்டதால் அரையிறுதியில் தோற்று, மூன்றாம் இடத்தோடு நின்றோம்.

பருவம் முடிந்தபின் காரெட் வில்சனின் கணக்கை எடுத்துப் பார்த்தோம். சில்லறைக் கழிவுகளை விட்டுவிட்டால் கணக்கு இவ்வாறு வருகிறது. 2022இல் 83 பந்துகள், 1103 யார்டுகள், 4 டச்டவுன்கள்: 217.3 புள்ளிகள். 2023இல் 95 பந்துகள், 1042 யார்டுகள், 3 டச்டவுன்கள்: 217.2 புள்ளிகள்.

புள்ளியில் பத்தில் ஒரு பங்குதான் வேறுபாடு! ராட்ஜர்ஸ் என்ற பெயரே இல்லாத ஆண்டிலும், அவர் வந்து வீழ்ந்த ஆண்டிலும் அம்மனிதர் ஈட்டியது ஒன்றே. அவ்வாறாயின் அன்றிரவு நாடே அழுதது எதற்கு? இருந்த பொருள் பறிபோனதற்கன்று, வரவிருந்த பொருள் வாராமற் போனதற்கு. இதை மருமகனிடம் பெருமிதத்தோடு விளக்கினோம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"ஆனா மாமா, டார்கெட்டைப் பாருங்க. போன வருஷம் 147. இந்த வருஷம் 168."

டார்கெட் என்பது அவரை நோக்கி எறியப்பட்ட பந்துகளின் எண்ணிக்கை. பிடித்ததும் பிடிக்காததும் அதில் அடக்கம். அதாவது அதே 217 புள்ளிகளை ஈட்ட, அவர் இருபத்தொரு முறை கூடுதலாகப் பாய்ந்திருக்கிறார். தலைக்கு மேல் போன பந்துக்கும், காலடியில் விழுந்த பந்துக்கும் எழும்பியும் குனிந்தும் இருக்கிறார். ஏட்டில் அந்த உழைப்புக்குப் புள்ளி இல்லை.

நாம் அப்போது அக்காவை நினைத்துக்கொண்டோம். மருத்துவமனை ஆய்வகத்தில் முன்பும் பணிதான், இப்போதும் பணிதான். வீட்டுக் கடன் முன்பும் கட்டப்பட்டது, இப்போதும் கட்டப்படுகிறது. பையன் பள்ளிக்கும் இசை வகுப்புக்கும் நேரத்துக்குப் போகிறான். வெளியிலிருந்து காண்போர்க்கு எண்கள் மாறவில்லை. "அக்கா சமாளிச்சிட்டா" என்று உறவினர் ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். வாசற்பனியை வாருவதும், வருமான வரிப் படிவங்களை நள்ளிரவில் நிரப்புவதும், கார் பழுதானால் ஓடுவதும், இந்தியாவில் அத்தானின் பெற்றோரை வாரம் இருமுறை அழைத்துத் தேற்றுவதும் எந்த ஏட்டில் எழுதப்பட்டுள்ளன? "அம்மாவுக்கு டைம் இல்ல மாமா" என்று ஆகஸ்டில் அவன் சொன்னதன் பொருள் நமக்கு ஜனவரியில்தான் முழுமையாக விளங்கிற்று. அவனுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

நாயகனை இழந்த அணியின் எதிர்காலம் குறித்துக் கணிப்போர்க்கு நாம் சொல்லவல்லது இதுவே. எஞ்சியோரின் மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்து, இவர் தாழவில்லை என்று அமையவேண்டாம். எத்தனை பந்துகள் அவர்களை நோக்கி வந்தன என்பதையும் பாருங்கள். மதிப்பு அங்கேதான் பதிந்துள்ளது. வீழ்ச்சிக்கு மறுநாள் அவர்களை மலிவாக விற்றுவிடவும் வேண்டாம்.

பின்கதையையும் சொல்லிவிடுகிறோம். 2024இல் ராட்ஜர்ஸ் மீண்டு வந்து பருவம் முழுவதும் ஆடினார். காரெட் வில்சன் 101 பந்துகள், 1104 யார்டுகள், 7 டச்டவுன்கள் என்று உயர்ந்தார். எங்கள் கணக்கில் 253.4 புள்ளிகள். எறிபவரின் தரத்துக்கு விலை உண்டு என்பதை அது காட்டிற்று, மறுப்பதற்கில்லை. ஆனால் நாயகனில்லாத 2023இல் ஏழு ஆட்டங்களை வென்ற ஜெட்ஸ், நாயகனோடு 2024இல் வென்றவை ஐந்து! அந்தப் பருவத்தோடு ராட்ஜர்ஸின் ஜெட்ஸ் வாழ்வும் முடிந்தது. 2025இல் அவர் பிட்ஸ்பர்க் அணிக்குச் சென்றார். ஸாக் அதற்கும் முன்பே, 2024 ஏப்ரலில், டென்வர் அணிக்கு அனுப்பப்பட்டார். அன்று மருமகன் நமக்கு ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தான்: "அங்கயாவது நல்லா இருக்கட்டும்."

2024 ஆகஸ்டில் புதிய பருவத்துக்கான விதிகளைப் பேசக் குழு கூடியபோது அவன் ஒரு திருத்தம் கொண்டுவந்தான். பிடிக்காத பந்தானாலும், தம்மை நோக்கி எறியப்பட்ட ஒவ்வொன்றுக்கும் ரிசீவருக்குக் கால் புள்ளி தரவேண்டும் என்பது அது. பிடிக்காததற்கெல்லாம் புள்ளியா என்று பெரியவர்கள் சிரித்தனர். வாக்கெடுப்பில் ஏழுக்கு மூன்று என்று தோற்றுப்போயிற்று. எங்கள் வாக்கு ஒன்று. மற்ற இரண்டும் யாருடையவை என்று நமக்குத் தெரியவில்லை.

"அடுத்த வருஷமும் கேப்பேன் மாமா" என்றான். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.